விழுந்ததும் விட்டதும்

ஹெட்போன் காதை மூடியதும் முதலில் கேட்டது என் மூச்சுதான். தண்ணீருக்குள் போனால் கேட்கிற அதே மூச்சு. மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடிக்கடை, ஃபேனுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தபடி நான் முங்கியிருக்கிறேன். எதிரே தரையில் ஒரு நீலத் தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, கல்லுப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, குச்சியால் கலக்கி, இதுதான் ராமேஸ்வரம் கடல் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர் கமருதீன். நான் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பத்தியச் சாப்பாட்டு ரசம்தான் அது. "இன்னும் ரெண்டு கை போடுங்க தம்பி, எங்க ஊர் மீனு இதுல குடித்தனம் பண்ணாது" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். பக்கத்து நாற்காலியில் என் மகள் நம்புசெல்வி, செல்போனைப் பார்த்தபடி. கடலில் விழுந்த நகையை முங்கி எடுக்கிற என் தொழிலுக்குத்தான் உலோகம் தேடுகிற மிஷின் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கண் முன்னைப்போல இல்லை, கலங்கல் தண்ணியில் கை வைத்து எவ்வளவு காலம் தடவுவது, ஒரு மிஷின் இருந்தால் தேவலை என்று நான்தான் சொன்னேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், ஆனதும் போர்ட்பிளேர் போய்விடுவாள். அதற்குள் அவளுடைய அம்மா மூக்குத்தியைக் கடலிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அதை அங்கே போட்டவனும் நான்தான். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பாள் அவள் அம்மா சேதுராக்கு, சோற்றுக்கு உப்புப் போடும்போதுகூட. நான் அளக்காமல் கடலில் போட்டேன்.

முதல் மிஷின் மஞ்சள். நீளக்கம்பு, அடியில் ஒரு வட்டத் தட்டு. தட்டைத் தொட்டிக்குள் இறக்கியதும் காதுக்குள் கரகரவென்று பழைய ரேடியோ. உள்ளே இன்னும் ஒன்றுமே போடவில்லை. "அது உப்புக்குக் கத்துதுண்ணே" என்கிறார் கமருதீன், ஒரு பக்கக் காதைத் தூக்கி. "நல்ல தண்ணி, கம்மாய், கெணறு, அங்க எல்லாம் இது சமத்து. கடல்ல விட்டா உப்பையே உலோகம்னு சொல்லும்." பிறகு ஓர் ஆணியைப் போட்டார். கத்தியது. ஓர் ஐந்து ரூபாய்க் காசு. கத்தியது. சோடா மூடி. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடச் சந்தோஷமாகக் கத்தியது. இப்படியும் ஆள் உண்டு, எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். என் உள்ளங்கை இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட சோடா மூடிக்கு ஏமாந்ததில்லை. அக்னி தீர்த்தத்தில் முங்குகிறவனுக்குக் கைதான் கண். கோடிக்கணக்கான சனம் வந்து மூன்று முங்கு முங்கிப் போகிற இடம், குளிர்ந்து சுருங்கின விரலிலிருந்து மோதிரம் கழன்று போகும், ஈரச்சேலையோடு சங்கிலி உருவிக்கொண்டு போகும், கரையில் நின்று அலறுவார்கள், யாராவது என்னைக் கூட்டி வருவார்கள். இங்கதானே நின்னீங்க, எந்தப் பக்கம் திரும்பி முங்குனீங்க, அலை எந்தப் பக்கம் இழுத்துச்சு என்று கேட்டுவிட்டு இறங்குவேன். கையை மண்ணின் மேல் படுத்தவாக்கில் வைத்து மெதுவாகத் தடவுவேன். அழுத்தினால் மண் கலங்கும், அழுத்தாவிட்டால் மண்ணுக்குள் இருப்பது தெரியாது. எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காலில் விழுந்த நாசிக் ஊர்க்காரர் ஒருவர், எனக்குப் பல்லில்லாத வாயால் முத்தமே கொடுத்த குஜராத்தி அம்மா ஒருத்தி. ஊரார் தங்கத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்த கை. இப்போது இந்தக் கம்பின் பிடியில் இருக்கிறது, எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல்.

கமருதீன் பேசிக்கொண்டிருக்கிறார், வாய் அசைகிறது. ஹெட்போன் மாட்டினால் ஊர் உலகமெல்லாம் மீன் மாதிரிதான் வாயை அசைக்கிறது. நல்ல பிள்ளை. வீட்டுக்குள் புதையல் இருக்கிறது என்று சாமியாடி சொன்னதைக் கேட்டு அடுப்படியைத் தோண்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம் வருவார்களாம், கடலில் முங்குகிறவன் வந்தது இதுதான் முதல் தடவையாம், அதனால் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது மிஷின் கறுப்பு. அது எல்லாம் படித்ததாம். இரும்பு என்றால் அடித்தொண்டையில் சொல்லும், தங்கம் என்றால் மெல்லிசாகச் சொல்லும், வேண்டாததுக்கு வாயைத் திறக்காதே என்று பொத்தானை அமுக்கினால் திறக்காது. முழுக்க முக்கலாம், நான் முங்கும் ஆழத்துக்குப் பத்து மடங்கு போனாலும் ஒன்றும் ஆகாது. உப்பையும் கண்டுகொள்ளாது. "ஒண்ணே ஒண்ணுதாண்ணே, தட்டு அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். அசையிற வரைக்கும்தான் சத்தம். நிறுத்திட்டீங்கன்னா அதுவும் நிறுத்திரும்." ஆட்டிப் பார்த்தேன். ஆணிக்கு ஒரு உறுமல். பொத்தானை அமுக்கினார், ஆணி செத்துப்போனது. அங்கேதான் கிடக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், காதில் இல்லை. வேண்டாததை இப்படிச் சாகடிக்க மனுசனுக்கு ஒரு பொத்தான் இருந்தால் நான் எதை அமுக்கியிருப்பேன். சேதுராக்கைக் கடைசியாகச் சேர்த்த அந்த ஆஸ்பத்திரி வாசலை. இல்லை, அதில் அவள் சிரித்த சிரிப்பும் சேர்ந்து போய்விடும். வேண்டாம்.

இந்த மிஷினுக்கு எல்லாம் தெரியும், ஒன்று மட்டும் தெரியாது. கிடப்பது விழுந்ததா, விட்டதா என்று. அதற்குப் பொத்தான் இல்லை. முங்குகிற எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதல் பாடம், விழுந்தது நமக்கு, விட்டது கடலுக்கு. தவறி விழுந்ததைத் தேடி ஆள் வந்தால் கொடுத்துவிட்டு அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், ஆளே வராவிட்டால் எடுத்தவனுக்கு. ஆனால் செத்தவர்களுக்கென்று சாம்பலோடு விட்டது கையில் தட்டுப்பட்டால், தொட்ட கையை எடுத்துவிட வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியும். விழுந்தது தனியாகக் கிடக்கும், விட்டது தனியாகக் கிடக்காது. ஒரு துணி முடிச்சு, கலயத்து ஓட்டில் ஒட்டின எள்ளு, நார் மட்டும் மிச்சமான பூ. கை அதைத் தொட்டதும் உடம்பு சொல்லிவிடும். செல்விக்கு நீச்சல் பழக்கும்போதே நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். மூச்சு அடக்குவது அப்புறம். ஆறேழு வயசுக்குழந்தை, என் தோளில் உட்கார்ந்துகொண்டு, விட்டதை எடுத்தா என்னப்பா ஆகும் என்று கேட்டாள். விட்டவங்க மனசு திரும்பத் தேட ஆரம்பிச்சிரும்மா என்றேன். எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பெரிய ஞானி மாதிரி சொல்லிவிட்டேன். யாருக்கோ சொன்ன சட்டம் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டது.

அந்த மூக்குத்தி ஒற்றைக்கல். வெள்ளைக்கல், நடுவில் நல்ல எடுப்பு. ஆள் வராத தங்கத்தில் நான் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது அவ்வளவுதான், ஆசாரியிடம் கொடுத்துச் செய்து கொண்டு வந்தேன். "எத்தனை பேரு அழுத தங்கமோ, எம் மூக்குல வந்து உக்காரப் போகுது" என்றாள் சேதுராக்கு. சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. கடைசியில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஏதோ படம் எடுக்க வேண்டும் என்று நர்சு அதைக் கழற்றி, பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டேன். திரும்பப் போட்டுவிட நேரமே வரவில்லை, நாளைக்கு இன்னொரு படம், மறுநாள் இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் முன்னால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். மூச்சு வாங்குகிறது, அதிலும் மூக்கை மூடிக்கொள்கிறாள். "வெறும் மூக்கோட ஆளு முன்னாடி படுத்துக் கெடக்கேன், அசிங்கமா இருக்கு" என்றாள். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம், போய் மாட்டிக்க என்றேன். வெறும் மூக்கோடுதான் போனாள். அதனால்தான். அது ஒன்றினால்தான். சாம்பலைக் கரைத்துவிட்டுக் கலயத்தைத் தண்ணீரில் இறக்கும்போது சட்டைப்பையில் கை போனது, பஞ்சோடு இருந்தது, துண்டின் ஓரத்தைக் கிழித்து முடிந்து, கலயத்துக்குள் போட்டு, நான் வழக்கமாக முங்கும் இடத்திலேயே இறக்கிவிட்டேன். போற இடத்திலயாவது மூக்கை மூடாம இரு புள்ள என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற ஐயர் திரும்பிப் பார்த்தார். சரியான காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள், அம்மா மூக்குத்தி எங்கப்பா என்று. அம்மாவோடயே விட்டுட்டேன்மா என்றேன். எங்க என்றாள். நான் முங்குற எடத்துலதான் என்றேன். "சரிப்பா." அவ்வளவுதான். நான் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சாயந்திரம் அவள் ஈரத்தலையோடு உள்ளே வந்தாள், பாவாடையெல்லாம் மண். தீட்டுக்குக் குளித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்தேன், தலையைத் துவட்டும்மா என்றேன். அப்போது அவள் மூக்கில் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. சேதுராக்கு நோயில் படுத்த நாளில்தான் செல்வி மூக்குக் குத்தியிருந்தாள், துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்கக் குச்சி. இந்தக் கூத்துக்கு நடுவில் எதற்கு மூக்குக் குத்தினாள் என்று நான் கேட்கவில்லை. வருஷம் திரும்பினது, குச்சி இருக்கிறது. கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், நல்லாருக்குப்பா என்று டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள். தெருப் பெண்கள் கேலி செய்தார்கள், என்னடி மூக்குல வேலியடைச்சு வச்சிருக்க என்று. அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் சேதுராக்கின் தங்கச்சி வந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். "எங்கக்கா தன் மூக்குத்தியத்தான் செல்விக்குப் போடணும்னு சொல்லித்தான மச்சான் அந்தப் புள்ளை மூக்கையே குத்த வச்சா. ஒங்ககிட்டச் சொல்லலையா?" என்னிடம் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பாள், நான் கடலில் இருந்திருப்பேன்.

அன்றிலிருந்து என் கை ஒழுங்காக இல்லை. ஊரார் மோதிரத்தைத் தேடி இறங்குகிறேன், கை தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் போகிறது. நான் தேடவில்லை, கைதான் தேடுகிறது என்று சொல்லிக்கொள்வேன், கையும் நானும் வேறு வேறு குடும்பம் மாதிரி. ஒரு தடவை கலயத்தின் ஓடு தட்டுப்பட்டது. யார் வீட்டுக் கலயமோ, அந்தக் கடலில் கலயத்துக்கா பஞ்சம். இடையில் ஒரு புயல் வந்து கரையையே புரட்டிப் போட்டது. கடலில் கரைத்த பெருங்காயம் என்று சும்மாவா சொன்னார்கள். கைக்கு எட்டாது என்று தெரிந்த பிறகுதான் மிஷின் நினைப்பு வந்தது. சட்டம் என்ன ஆவது என்று இரவெல்லாம் எனக்கும் எனக்கும் பஞ்சாயத்து. விட்டவனே எடுத்தால் அது எடுத்ததாகுமா, திரும்ப வாங்கிக்கொண்டதுதானே. அவள் மகளுக்கென்று வைத்திருந்ததை நான் தெரியாமல் விட்டேன், அப்படியென்றால் அது விட்டது இல்லை, என் கையிலிருந்து தவறி விழுந்தது. நல்ல வக்கீல்தான் நான். சேதுராக்கு இருந்திருந்தால், செஞ்சதையும் செஞ்சிட்டு செக்குக்கு எண்ணெய் ஊத்தாதீங்க என்று வாயை அடைத்திருப்பாள். அப்படி ஒரு பழமொழியே கிடையாது, அவளாகச் செய்வது, கேட்டால் எங்க ஊர்ல உண்டு என்பாள்.

கமருதீன் தோளைத் தொட்டார். காதைத் தூக்கினேன். "அண்ணே, முக்கியமா எதைத் தேடுவீங்க? மோதிரம், சங்கிலின்னா இது போதும். அதை வச்சுத்தான் செட்டிங் போடணும்." செல்வி செல்போனிலிருந்து நிமிரவில்லை. மோதிரம்தான் தம்பி என்று வாய் தயாராக இருந்தது. வந்தது வேறு. "மூக்குத்தி." "ஒத்தைக்கல்லு. சின்னதுதான்." கமருதீன் தாடையைச் சொறிந்தார். "சின்னத் தங்கம்தாண்ணே கஷ்டம், உப்புத் தண்ணியில பொய் சொல்ல மாட்டேன். பாத்துருவோம்." கல்லாப்பெட்டி அருகே பில் போடுகிற அம்மாவிடம் போய் ஏதோ கேட்டார். அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தது, பிறகு தலையைக் குனிந்து திருகைத் திருகித் தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது. கொடுத்துவிட்டு முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டது. நான் பார்வையைத் தொட்டிக்குத் திருப்பினேன். மூக்குத்தி உப்புத் தண்ணீரில் இறங்கி அடியில் உட்கார்ந்தது, ஒரு பருக்கை அளவு. ஹெட்போனை மாட்டினேன், என் மூச்சு திரும்பி வந்தது. தட்டை இறக்கி மெதுவாக ஆட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இல்லை. கமருதீன் எதையோ திருகினார். ஒரு சாண் உயரத்தில் தட்டு போனபோது கேட்டது. மெல்லிய சத்தம், இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், ஆனால் உண்டு. திரும்ப ஆட்டினேன், திரும்பவும் உண்டு. கேக்குது செல்வி என்று சொல்லத்தான் திரும்பினேன்.

அவள் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வேறு சத்தம் இல்லாததால் முகத்தை மட்டும் பார்க்கிறேன், நன்றாக, தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி அவசரமில்லாமல். மூக்கில் குச்சி இல்லை. விழுந்துவிட்டதோ, பஸ்ஸில் எங்காவது. இல்லை, துவாரமும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி, மச்சம் என்றால் மச்சம். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது. தினமும் இவள் கையால் சாப்பிடுகிறேன், நேற்று இவள் தலையில் கை வைத்துத் திருநீறு பூசினேன், கடல் அடியில் குண்டுமணி கிடந்தால் கண்டுபிடிக்கிறவன், என் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை நான் பார்க்கவில்லை. என் விரல் என் மூக்குக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் என் காதிலிருந்து தூக்கினாள்.

"பங்குனியிலயே சீழ் கோத்துக்கிச்சுப்பா. எடுத்துட்டேன், தூந்து போச்சு. வலியெல்லாம் இல்ல." பிறகு தொட்டியைப் பார்த்தாள். "அம்மா மூக்குத்திக்காப்பா இவ்வளவும்?"

தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு நீங்க படுத்திருந்தீங்கள்ல, அப்பவே போய் முங்குனேன்பா. கலயம் கையில கெடச்சுச்சு. உள்ள கைய விட்டேன், முடிச்சு இருந்துச்சு, எடுத்துட்டேன். எள்ளு ஒட்டியிருந்துச்சு அதுல." என் சட்டைக் காலரைச் சரி செய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. "விட்டதை எடுத்தா விட்டவங்க மனசு தேட ஆரம்பிச்சிரும்னு சொல்லுவீங்கள்ல. நீங்க ஏற்கெனவே அப்படிக் கெடந்தீங்க. திரும்ப உள்ளயே வச்சு, கலயத்த நிமித்தி வச்சுட்டு வந்துட்டேன்."

எடுத்துவிட்டாள். கையில் இருந்திருக்கிறது. ஈரத்தலையோடு உள்ளே வந்தாளே அன்றைக்கு, பாவாடையெல்லாம் மண்ணாக, அப்போது ஒரு வார்த்தை, எங்கேம்மா போயிருந்த என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஓடிப் போய் எடுத்திருப்போம், இடுப்பளவுத் தண்ணீர்தான், கலயம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கும். தலையைத் துவட்டு என்றேன். அவளுக்குச் சேர வேண்டியது அவள் கைக்கு வந்தும், என் சட்டத்தை எனக்காகக் காப்பாற்றிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறாள், மூக்கில் குச்சியோடு வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள், எடுத்துத் தருகிறேன் என்று நானாகச் சொல்வேன் என்று. அது இப்போது நான் ஒருத்தன் விட்டது இல்லை. இரண்டு பேர் விட்டது. என்ன சொல்லி எடுப்பது அதை. ஏம்மா விட்ட என்று கேட்கலாமா, கேட்க எனக்கென்ன வாய் இருக்கிறது. கமருதீன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சத்தம் கேக்குதுல்லண்ணே? இதையே எடுத்து வச்சிரவா?"

"மொதல்ல அந்தம்மா மூக்குத்திய எடுத்து நல்ல தண்ணியில கழுவிக் குடுங்க தம்பி, உப்புல கெடக்குது" என்றேன்.

அவர் தொட்டிக்குள் கை விட்டு எடுக்கக் கொஞ்சம் நேரமானது. ஒரு காதில் செல்வியின் மூச்சு கேட்டது. மறு காதில் அந்த மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டு அசைகிற வரைக்கும்தான் சத்தம் என்றார் கமருதீன். நிறுத்தத்தான் பார்க்கிறேன். கை நிற்கவில்லை.